முதல்ல சாமான் வரட்டும்

எதிர் வீட்டுக்காரர் இறந்தபின் சர்ச் ஆட்கள் வீட்டைக் காலி செய்ய வந்தபோது நான் என் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ரங்கூன் லான்மடாவில் எங்கள் கட்டடம் பழையது, லிஃப்ட் கிடையாது. ஐந்தாம் மாடியில் என் வீடும் அவர் வீடும் எதிரெதிர். நடுவில் படிக்கட்டு மட்டும்தான். சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். ஒரு தூண்டில் கழி வந்தது, முள்ளில் சுற்றின எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காமல். கேமரா வைக்கிற மூன்று கால் தாங்கி வந்தது. ஆர்மோனியம் உறையோடு வந்தது. கேக் சுடுகிற மின்சார அடுப்பு, மாவு அடிக்கிற எந்திரம், சின்னத் தராசு. அப்புறம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில்கள்.

தூக்கினவர்களில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "இவரு கடை ஏதும் வச்சிருந்தாரா பாட்டிம்மா? எல்லாம் புதுசா இருக்கே."

"கடையெல்லாம் இல்லப்பா. ஆரம்பிக்கிறதுக்கு வச்சிருந்தாரு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எதை ஆரம்பிப்பதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். அவர் அப்பாவும் கிளார்க்தான். மிஷன் பள்ளியில் படித்த குடும்பம். இங்கிலீஷ், பர்மியம், தமிழ் மூன்றும் எழுதுவார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என் தாத்தா இதே ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. நான் மசாலாத் தூள் அரைத்து விற்றுப் பிழைத்தேன், யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அவர் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். நானும் "தம்பி" என்பேன். படித்தவர் என்பதால் நான் தாழ்ந்ததும் இல்லை, அவர் உயர்ந்ததும் இல்லை.

அவர் அடிக்கடி சொல்கிற ஒரு வார்த்தை உண்டு. "முதல்ல சாமான் வரட்டும்க்கா. சாமான் வந்துட்டா வேலை தானா நடக்கும்."

வேலை நடந்து நான் பார்த்ததில்லை. தூண்டில் வாங்கினார். மீன் போட நல்ல கூடை வேண்டும் என்று காத்திருந்தார். கூடை வந்ததும் சேற்றில் நிற்க ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்றார். பூட்ஸ் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஆறு எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் நூலில் முள்ளைக் கட்டிப்போட்டு, படித்துறையில் ஆட்கள் கெளுத்தி பிடித்துக்கொண்டு போவார்கள். இவர் பால்கனியில் நின்று பார்ப்பார். "அவங்க முள்ளு சரியில்லக்கா" என்பார்.

சோம்பேறி என்று நினைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துத் துடைப்பார். எண்ணெய் போடுவார். இரும்பு கறுத்துப்போகும் இந்த ஊர் ஈரத்தில் அவர் வீட்டில் ஒரு ஆணி துருப்பிடித்து நான் கண்டதில்லை. ஒருமுறை என் மாவு மில்லின் கைப்பிடி கழன்றுவிட்டது, திருப்புளி கேட்டுப் போனேன். எந்தத் திருகு, தலை தட்டையா, குழிவா, எந்த அளவு என்று கேட்டார். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, இது எதற்கு, இதை எப்படிப் பிடிக்க வேண்டும், அழுத்தினால் என்ன ஆகும் என்று விளக்க ஆரம்பித்தார். நான் வீட்டுக்கு வந்து தோசைக் கரண்டியால் முறுக்கி வேலையை முடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் திருப்புளியோடு நிற்கிறார், இன்னும் விளக்கிக்கொண்டு.

அந்தக் கேக் அடுப்பு அவர் சம்சாரத்துக்கு வாங்கியது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெண் சொன்னாள், கடையில் வாங்க வேண்டாம், நாமே வீட்டில் செய்யலாம் என்று. அடுப்பு வந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு மாவு அடிக்கிற எந்திரம். அதற்கும் அடுத்ததற்குத் தராசு. கேக் மட்டும் ஒவ்வொரு வருஷமும் கடையிலிருந்துதான் வந்தது. "இவரு என்னோட குடும்பம் நடத்தல பெரியக்கா, சாமானோட நடத்துறாரு" என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அந்தப் பெரிய நோய் வந்த வருஷம் அவளுக்கு மூச்சு முட்டியது. ஊரெல்லாம் ஆக்சிஜனுக்கு அலைந்தது. இவரிடம் எல்லாம் இருந்தது. நோய் பக்கத்து நாட்டில் இருக்கும்போதே வாங்கி வைத்துவிட்டார். சிலிண்டர் இருந்தது, முள் காட்டுகிற மீட்டர் இருந்தது, மூக்குக் குழாய் இருந்தது, விரலில் மாட்டுகிற கருவி இருந்தது. காற்று மட்டும் இல்லை. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஆக்சிஜன் ஆலை வாசலில் வரிசையில் நின்றார். அவர் முறை வருவதற்குள் இங்கே நான் அவள் கண்ணை மூடிவிட்டேன். திரும்பி வந்தவர் காலிச் சிலிண்டரை மெதுவாக, சத்தம் வராமல் தரையில் வைத்தார். அது என் கண்ணிலேயே நிற்கிறது.

அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது சாமு ஒருவன்தான். சாமுவேல், அவர் மகன். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவன், ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு கெட்ட பிறகு போகவில்லை. அவனுக்குத் தமிழ் புரியும், பேச்சு பர்மியத்தில்தான் வரும். வயசுப் பையன்களைப் படைக்கு எடுக்கிற சட்டம் வந்ததும் இவர் தெருவெல்லாம் சொல்லிவிட்டார், பையன் தாய்லாந்து போய்விட்டான் என்று. பையன் உள்ளறையில் இருந்தான். தெருவில் அது தெரிந்தது எனக்கு மட்டும்தான். தனி ஆள் வீட்டில் இரண்டு தட்டு கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்காதா?

வெயில் காலம் போய் மழை வந்தது, மழை போய்ப் பனி வந்தது. பையன் அறையை விட்டு வரவில்லை. பால்கனிக்கு வர முடியாது. சத்தமாகப் பேச முடியாது. முதலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு அதையும் விட்டுவிட்டான். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். நான் கொண்டுபோகும் மீன் குழம்பை வாங்கி வைத்துக்கொள்வார் தகப்பனார். மறுநாள் பாத்திரத்தில் பாதி அப்படியே திரும்பி வரும்.

"பேசுறானா தம்பி?"

"இல்லக்கா."

ஒருநாள் சாயங்காலம் கதவைத் தட்டினார். முகத்தில் ஒரு வெளிச்சம். "அக்கா, கேட்டுட்டான்க்கா."

"என்ன கேட்டான்?"

"போன்ல யாரோ வெள்ளைக்காரன் வீட்டிலயே பீர் செய்யிறான். அதைக் காட்டி, அப்பா இதை நாம செய்யலாமான்னு கேட்டான். எந்திரிச்சு உக்காந்து கேட்டான்க்கா."

குடி என்றால் எனக்கு ஆகாது. காரணம் எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரரை அறிந்த ஊருக்கும் தெரியும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

சாமான் வர ஆரம்பித்தது. எங்கள் கட்டடங்களில் எல்லா மாடியிலிருந்தும் தெருவுக்குக் கயிறு தொங்கும், நுனியில் கொக்கி, மேலே மணி. கீழேயிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும், சாமானை மாட்டிவிட்டால் தூக்கிக்கொள்ளலாம். அவர் வீட்டு மணி ஓயவில்லை. கொதிக்க வைக்கிற பெரிய எவர்சில்வர் சட்டி வந்தது. புளிக்க வைக்கிற மூடி போட்ட வாளி வந்தது. மூடியில் செருகுகிற கண்ணாடிக் குமிழ் வந்தது, உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற மிதவை வந்தது. தெர்மாமீட்டர், கழுவுகிற மருந்து, மால்ட், ஈஸ்ட், ஹாப்ஸ் என்று ஒரு கசப்புப் பூ. எல்லாம் பாங்காக்கிலிருந்து கார்கோவில் வந்தது. கடைசியாக ஒரு கருவி, பாட்டிலுக்கு மூடி அழுத்துவதற்கு. இரண்டு பக்கமும் இறக்கை மாதிரிக் கைப்பிடி. ஒருவர் இரண்டு கையாலும் அழுத்த வேண்டும், இன்னொருவர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வாளியிலிருந்து பாட்டிலுக்கு இறக்க ஒரு ரப்பர் குழாய் தேவைப்பட்டது. அதையும் புதிதாக வாங்கினார். அலமாரியில் அவர் சம்சாரத்துக்கு வாங்கின ஆக்சிஜன் குழாய் பிரிக்காமல் இருந்தது. அதே தடிப்புதான். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இருவரும் வேறு பேச்சுப் பேசினோம்.

"ஏன் தம்பி, இவ்வளவு செலவு பண்ணிட்டீங்களே. இந்தக் காசுக்குக் கடையிலயே வாங்கிக் குடிச்சா ரெண்டு வருஷம் ஓடாதா?"

"ஓடும்க்கா. மூணு வருஷம்கூட ஓடும்."

"அப்புறம்?"

"குடிக்கிறதுக்கு இல்லக்கா. பையன் எந்திரிச்சு உக்காரணும், அதுக்கு. இதுல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாரம், ரெண்டு வாரம் காத்திருக்கணும். காத்திருக்க ஒண்ணு வேணுமே அவனுக்கு."

கணக்குப் பார்க்கத் தெரிந்த மனிதர் அப்படிப் பேசினது அது ஒரு தடவைதான்.

அவர்கள் முதல் தடவை காய்ச்சின நாளில் படிக்கட்டெல்லாம் மாட்டுத் தீவனம் வேகிற வாசனை. கீழ் வீட்டு பர்மியக்காரி வந்து மூக்கைச் சுளித்தாள். என் கஞ்சிதான் அடிப்பிடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். என் சமையலில் அடிப்பிடித்தது என்று நானே சொன்னது வாழ்நாளில் அன்றைக்கு ஒருநாள்தான். கரண்ட் நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும். வாளி சூடாகக் கூடாதாம். ஈரக் கைலியைச் சுற்றி, குடிதண்ணீர்ப் பானைகளை நெருக்கி வைத்து, அப்பாவும் மகனும் மாறி மாறி விசிறினார்கள். கரண்ட் வந்ததும் தெருவே "மீ லா பீ!" என்று கத்தும், கரண்ட் வந்துவிட்டது என்று. அந்தக் கூச்சலோடு சேர்ந்து சாமுவும் உள்ளே மெதுவாகக் கத்துவான். பல மாதம் கழித்து அவன் குரலை நான் அப்படித்தான் கேட்டேன்.

கண்ணாடிக் குமிழில் புளுக் புளுக் என்று காற்று வரும். பையன் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். "பெரியம்மா, இது பேசுது" என்றான் என்னிடம், தமிழில். முதல் வாளி காடியாகப் போய்விட்டது. ஊறுகாய் போடலாம் என்றேன். அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மகன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது வாளி நன்றாக வந்தது. பாட்டிலில் அடைக்க வேண்டும். அங்கேதான் நின்றது. தடித்த கண்ணாடியில் பழுப்பு பாட்டில் வேண்டும், உள்ளே காற்று திரளும், மெல்லிய பாட்டில் தாங்காது என்று பாங்காக்குக்குச் சொல்லி முழுப் பணமும் கட்டியிருந்தார். எல்லையில் சண்டை, பாலம் மூடிவிட்டார்கள், கார்கோ வரவில்லை.

"பாட்டில் வரட்டும்" என்றார்.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். சாமு வாளிப் பக்கத்திலிருந்து எழுந்தான். "அப்பா, நீங்க ஒருநாளும் எதையும் ஆரம்பிக்க மாட்டீங்க. அம்மா கேக்குக்காகக் காத்திருந்த மாதிரி நானும் காத்திருக்கணுமா?" என்றான் பர்மியத்தில். சொல்லிவிட்டு அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

மறுநாள் பழைய பாட்டில் வாங்குகிறவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தபோது அவர் வீட்டு மணி அடித்தது. சாஸ் பாட்டில், காடி பாட்டில், சர்பத் பாட்டில், மூடி கவ்வுகிற வாய் இருந்தால் போதும் என்று கோணி கோணியாகத் தூக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான சாமான் இல்லாமல் அந்த மனிதர் ஒரு வேலையை ஆரம்பித்தார். மகன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டான், அவர் அழுத்தினார். டக், டக் என்று அந்தச் சத்தம் என் வீடு வரை கேட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

பங்குனி வெயில். பகல் நேரம், கரண்ட் இல்லை. நான் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் டமார் என்றது. கை அப்படியே நின்றுவிட்டது. இன்னொன்று. பிறகு அடுக்கடுக்காக மூன்று நான்கு. இந்த ஊரில் இந்தக் காலத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். தெருவில் கடைக் கதவுகள் சரசரவென்று இறங்கின. முனையில் எப்போதும் ஒரு ராணுவ லாரி நிற்கும். பூட்ஸ் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

அவர் என் வாசலில் நின்றார். சட்டையெல்லாம் நுரை. பையன் கையைப் பிடித்திருந்தார். "அக்கா" என்றார்.

பையனை என் உள்ளறையில் மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்து, சாமிப் படத்துக்குப் போடுகிற திரையை இழுத்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் என் கதவையும் தட்டுவார்கள். அதனால் கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்க ஆரம்பித்தேன்.

நாலைந்து பேர் வந்தார்கள், பின்னால், பத்து வீட்டுக்கு ஒருவர் என்று அரசாங்கம் வைத்திருக்கிற தலைவர் நடுங்கிக்கொண்டு. வாளி, குழாய், மருந்துப் பொட்டலம், தெர்மாமீட்டர், உடைந்த பாட்டில். பார்க்கிற கண்ணுக்கு அது வெடி செய்கிற இடமாகத்தான் தெரியும். துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துவிட்டார்கள். அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? விளக்க ஆரம்பித்தார். இது சட்டி, இதில் மால்ட் கொதிக்கும். இது மிதவை, இது சர்க்கரையைக் காட்டும். இந்தக் குமிழில் தண்ணீர் இந்தக் கோடு வரை இருக்க வேண்டும், குறைந்தால் இப்படி ஆகும். எனக்குத் திருப்புளி விளக்கின அதே குரல், அதே நிதானம். குண்டு செய்கிறவன் எவனும் இப்படி விளக்க மாட்டான் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கும். துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

அவர்களில் அதிகாரி சின்னப் பையன், சாமு வயதுதான் இருக்கும். உடையாத பாட்டில் ஒன்றைத் திறந்து குடித்துப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு ஊலே" என்றான். ஊலே என்றால் மாமா. நான் மூச்சு விட்டேன்.

பிறகு அவன் மூடி அழுத்துகிற கருவியை எடுத்தான். "இது எப்படி?"

இவர் அதையும் விளக்கினார். வாய் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. "நான் ரெண்டு கையாலயும் அழுத்தணும். இன்னொருத்தர் பாட்டிலைப் பிடிக்கணும்..." அங்கே நின்றுவிட்டார்.

"யாரு பிடிக்கிறது? நீங்க தனி ஆள்னுதானே தலைவர் சொன்னாரு?"

நான் பெருக்குவதை நிறுத்தினேன்.

"நான்தான் பிடிக்கிறது" என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நெற்றி நிறைய விபூதி, கையில் துடைப்பம். "அப்வா பிடிப்பீங்களா? பிடிங்க பார்க்கலாம்" என்றான். பாட்டி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான்.

தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டிலைப் பிடித்தேன். கை நடுங்கியது. அவர் அழுத்தினார். மூடி கோணலாகப் போய் விழுந்தது.

"இத்தனை நாளும் இப்படித்தான் பிடிச்சீங்களா அப்வா?"

"நீ தலைக்கு மேல துப்பாக்கியை வச்சுக்கிட்டு நிக்காம இருந்தா நல்லாத்தான் பிடிப்பேன்" என்றேன்.

தலைவருக்கு உயிர் போய்விட்டது. ஆனால் சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி ஒரு கிளாஸில் ஊற்றி என்னிடம் நீட்டினான். "செஞ்சவங்க குடிக்காம இருப்பாங்களா? குடிங்க."

என் புருஷனைத் தின்ற பொருள் அது. அறுபது வயது தாண்டியும் நாக்கில் பட விட்டதில்லை. வாங்கிக் குடித்தேன். கசப்பு. குடித்து முடித்ததும் இருமினேன், தேவைக்கு மேலேயே இருமினேன். எதிரே என் வீட்டில் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒருவன் தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே.

சட்டி, வாளி, மிச்ச பாட்டில் எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். கருவியை மட்டும் தரையில் போட்டுவிட்டார்கள். "தீர்ந்ததும் வருவோம் ஊலே" என்று அதிகாரி சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் வருவான்.

திரையை விலக்கினபோது பையன் கண் இரண்டும் வீங்கி ரத்தச் சிவப்பாக இருந்தது. வாயில் துண்டைத் திணித்திருந்தான்.

இனி அவனை அங்கே வைத்திருக்க முடியாது. எல்லை தாண்டிக் கூட்டிப்போகிற ஒரு ஆளை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். பக்கத்துத் தெருவில் ஒருத்தி மகனும் அதே வண்டியில் போகிறான் என்றார்கள். விடியும்போது வண்டி.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பையை நிறைத்து வைத்திருந்தார். டார்ச், தண்ணீர் வடிகட்டி, கொசுவலை, காய்ச்சல் மாத்திரை. பையன் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஷூ சின்னதாப் போச்சுக்கா" என்றார். "காட்டுல ராத்திரியெல்லாம் நடக்கணுமாம். செருப்போட எப்படி நடப்பான்? பெரிய அளவு நாளைக்குக் கடையில வருது. அடுத்த வண்டியில போகட்டும்."

"செருப்போடயே போகட்டும் தம்பி. வெறுங்காலோட போனாலும் போகட்டும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரியான பாட்டில் இல்லாம ஆரம்பிச்சதுலதான் இவ்வளவும், அக்கா" என்றார் மெதுவாக. "இனிமே சரியான சாமான் இல்லாம ஒண்ணும் செய்ய மாட்டேன்."

நான் பையனைப் பார்த்தேன். ஒருமுறை வாயைத் திறந்து அப்பாவைக் குத்தினவன், இந்தத் தடவை பேசவில்லை. அவர் பையைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தான்.

விடியற்காலை சாமு இல்லாமல் வண்டி போனது. அது போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் போன பக்கத்துத் தெருப் பையன் இப்போது தாய்லாந்தில் மீன் தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் அம்மா இன்றைக்கும் என்னிடம்தான் மசாலா வாங்குகிறாள். மகன் பேசினான், மகன் பணம் அனுப்பினான் என்று சொல்வாள். நான் தூளை நிறுத்துக் கொடுப்பேன்.

ஷூ வந்தது. நல்ல ஷூ. கணுக்கால் வரை கட்டுகிறது. சாமுவை ஏற்றிய அடுத்த வண்டியை வழியில் ஒரு ராணுவச் சோதனைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆண் பிள்ளைகளை மட்டும் இறக்கினார்களாம். கூட்டிப்போன ஆள் போனில் இதைச் சொல்லிவிட்டு அந்த நம்பரையே மாற்றிவிட்டான்.

அதன் பிறகு அவரை நான் பெரும்பாலும் பார்த்தது பையோடுதான். படைக்குப் பிடித்த பிள்ளைகளை மிங்கலாடோன் ராணுவ முகாமில் வைத்துப் பழக்குகிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி பஸ் ஏறிப் போவார். பையில் சோப்பு, துண்டு, பூட்ஸுக்குப் போடுகிற எண்ணெய். சாலையோரம் நிற்பார். யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், பேர்கூடக் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் பையோடு படியேறி வருவார். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வருவார்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் துடைப்பதை மட்டும் விடவில்லை. புதுச் சட்டி வாங்கினார். புது வாளி வாங்கினார். பையன் வந்தால் உடனே ஆரம்பிக்க வேண்டுமாம். அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. படி பெருக்குகிறவள் அதைச் சுற்றிப் பெருக்குவாள்.

மழை ஆரம்பித்திருந்த ஒருநாள் அவர் வீட்டு மணி அடித்தது. விடாமல் அடித்தது. நான் பால்கனியில் எட்டிப் பார்த்தேன். கீழே கார்கோக்காரன், பக்கத்தில் அட்டைப்பெட்டிகள். எப்போதோ பணம் கட்டின பழுப்பு பாட்டில்கள். பாலம் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒவ்வொரு பெட்டியாகக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தார். அந்த உடம்பில் எங்கிருந்து பலம் வந்ததோ. நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் மேலே வந்ததும் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் தட்டிப் பார்த்தார். தடித்த கண்ணாடி, சத்தமே வரவில்லை.

"எல்லா சாமானும் வந்துருச்சுக்கா" என்றார்.

மூடி அழுத்துகிற கருவி மேசை மேல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது. "வாங்க தம்பி, காய்ச்சுங்க. நான் பிடிக்கிறேன்" என்று சொன்னேன். குடிக்கு நான் துணை நிற்பேன் என்று என் வாயாலேயே சொன்னேன். தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டிலை எடுத்து, அன்றைக்குப் பிடித்தது போலவே இரண்டு கையாலும் பிடித்தேன். என் கை நடுங்கவில்லை.

அவர் கருவியைக் கையில் எடுத்தார். பாட்டிலின் வாயில் வைத்தார். வைத்தபடியே நின்றார். பிறகு அதை எடுத்து, மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.